மிளகாய் மெஷினும் விதி பதினேழும்

மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய நோட்டீஸ் நகல் கிடைத்தது. போனில் பேசிவிடலாமே என்றாள் உன் அண்ணி. போனில் நீ பேசுவாய், நான் "உம்" கொட்டுவேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியது எனக்கு ஞாபகம் வரும். ஆகவே எழுதுகிறேன், இந்த வரிசையில்:

1. நோட்டீஸ் என்ன சொல்கிறது.
2. விதி என்ன சொல்கிறது.
3. இப்போது நீ செய்ய வேண்டியது.
4. செய்யக் கூடாதது.
5. நான் ஏன் நேரில் வரவில்லை.

ஒன்று. உன் மில்லில் மிளகாய் அரைப்பதால், பக்கத்துக் கட்டட மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பல் டாக்டரின் நோயாளிகள் தும்முகிறார்களாம். அதனால் மிளகாய் அரைக்கும் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நகராட்சி உன்னிடம் விளக்கம் கேட்கிறது. கவனி, விளக்கம்தான் கேட்கிறது, ரத்து செய்துவிடவில்லை. மாவு அரைப்பதில் அவர்களுக்குத் தகராறு இல்லை. உரிமத் தாளில் மாவு தனி, மிளகாய் தனி.

இரண்டு. நகராட்சிக் கடை உரிம விதிகளை இரண்டு முறை படித்தேன். பொதுமக்களுக்குத் தொல்லை என்றால் உரிமத்தை ரத்து செய்யலாம். ஆனால் கடைக்காரர் சொல்வதைக் கேட்ட பிறகுதான் செய்யலாம். விதி பதினேழு என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் தொடர்ந்து நடக்காத தொழிலின் உரிமம் தானாகவே காலாவதியாகிவிடும் என்கிறது. அது கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிப் போனவர்களுக்கு. நமக்குப் பொருந்தாது. நான் வக்கீல் இல்லை. வேலைக்காலம் முழுவதும் கோர்ட்டுச் சட்ட நூலகத்தில் வக்கீல்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவன். அந்த அளவுக்கு மட்டும் இதை நம்பு.

மூன்று. விளக்கம் எழுதிக் கொடு. நேரத்தை மாற்றி அரைக்கத் தயார் என்று அதில் சொல். பதில் வரும் வரை மிளகாய் அரைப்பதை நிறுத்தி வை. நாம் பணிந்து போகிறோம் என்று தெரிந்தால் அதிகாரிகள் மனம் குளிர்வார்கள்.

நான்கு. டாக்டரிடம் சண்டைக்குப் போகாதே. தண்ணீர் வரி குமாஸ்தாவிடம், "கணக்குல இவ்வளவு புலியா இருக்கீங்களே, வீட்ல சம்பளத்த யாரு வாங்கி வைக்கிறது?" என்று நீ கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. அவரும் மறந்திருக்க மாட்டார்.

ஐந்து. நான் வந்தால் உனக்குக் கேடுதான். அதிகாரியின் எதிரே உட்கார்ந்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நூலகத்தில் "அமைதி காக்கவும்" பலகையை என்னைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று வக்கீல்கள் கேலி செய்வார்கள். நான் வாயைத் திறந்து எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை.

அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தில் இத்தனை பாயின்ட் இருந்தது, நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் நலம். அண்ணி நலமா? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். முத்திரை குத்தி நகலும் வாங்கிக்கொண்டேன்.

நான்காவது பாயின்ட்டை மீறிவிட்டேன். திட்டாதீர்கள். டாக்டர் மாடியேறி விளக்குப் போடும் நேரம் பார்த்துப் போனேன்.

"டாக்டரே, நான் மிளகாய் அரைக்கிறது தெருவுக்கே தெரியும். மாடிய வாடகைக்குப் பாக்க வந்தப்ப மூக்க வீட்லயே வச்சிட்டு வந்தீங்களா?" என்றேன்.

"அம்மா, பேஷன்ட் வாய்க்குள்ள என் விரல் இருக்கு. அந்த நேரம் பாத்து அவரு தும்முறாரு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் விரலைக் காட்டினார், கட்டுப் போட்டிருந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். அவருடைய அம்மா கோதுமை அரைப்பது நம் மில்லில்தான் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. கிளினிக் பத்து மணிக்குத்தான் திறக்கிறது, அதற்கு முன்பே மிளகாயை முடித்துவிடுகிறேன் என்றேன். நல்ல யோசனை என்றார். அப்படியானால் புகாரைத் திரும்ப வாங்குங்கள் என்றதற்கு, "எழுதிக் கொடுத்தாச்சும்மா, இனி ஆபீஸ் பாடு" என்று கையுறையை மாட்டிக்கொண்டார்.

மிளகாயை நிறுத்திவிட்டேன். நல்ல யோசனை என்று நினைத்து நிறுத்தவில்லை, நீங்கள் சொன்னதால் நிறுத்தினேன். மிளகாய் அரைக்க வருகிறவர்தான் கையோடு கோதுமையும் கொண்டு வருவார். மிளகாய்க்கு வேறு மில் தேடிப் போனவர், கோதுமையை மட்டும் தூக்கிக்கொண்டு இங்கே வருவாரா? கேட்கிறவர்களிடம் "கொஞ்ச நாள்தான், கொஞ்ச நாள்தான்" என்று சொல்லி என் வாய் வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் மிளகாய் மெஷினுக்கு எண்ணெய் விட்டு வெறுமனே ஓட்டுகிறேன். ஓடாமல் கிடந்தால் பேரிங் இறுகிவிடும். அதற்கும் ஏதாவது விதி இருந்தால் எழுதுங்கள்.

தங்கை

ஜூலை 2

அண்ணாவுக்கு,

போன வாரம் நகராட்சியின் உத்தரவு வந்தது. நகல் இதோடு இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நான் மிளகாய் அரைக்கவில்லையாம். ஆகவே விதி பதினேழின்படி மிளகாய் உரிமம் தானாகவே காலாவதி. நமக்குப் பொருந்தாது என்று எழுதினீர்களே, அதே விதி பதினேழு.

ஓடினேன். உரிமப் பிரிவு அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"நான் எழுதிக் குடுத்த விளக்கம் என்ன ஆச்சு சார்?"

"அத படிக்க வேண்டிய அவசியமே இல்லாம போச்சும்மா. நீங்களே நிறுத்திட்டீங்களே."

"நீங்க பதில் சொல்லுவீங்கன்னுதான் நிறுத்தினேன்."

"நாங்க நிறுத்தச் சொன்னமா?"

சொல்லவில்லை. சொன்னது நீங்கள்.

பெரிய மார்க்கெட் பக்கத்து மில்காரர், மிளகாய் மெஷினை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். வந்தவன் பெல்ட்டைத் தட்டிப் பார்த்தான். தட்டிய கையோடு வெளியே அனுப்பினேன். ஆனால் அண்ணா, இந்த மெஷின் போனால் அடுத்த வருஷம் மாவு மெஷினும் போகும். பிறகு மில் என்று இருப்பது பெயர்ப் பலகை மட்டும்தான். என் வீட்டுக்காரர் காலமான பிறகு இந்த மில்லை வைத்துத்தான் நான் யார் வீட்டு வாசலிலும் நிற்காமல் இருக்கிறேன். உங்களுக்குத் தெரியாததா?

வழக்குப் போட்டுவிட்டேன். வக்கீலம்மா நல்ல கெட்டி. "நீங்க மெஷின நிறுத்தினது தொழில விடுறதுக்கா, பதிலுக்குக் காத்திருக்கிறதுக்கா? கேஸே அதுலதான் இருக்கு. காத்திருந்தேன்னு நீங்க சொன்னா பத்தாது, உங்கள நிறுத்தச் சொன்னவரு வந்து சொல்லணும்" என்கிறார்.

நாம் ஜெயிப்போம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் வந்து நடந்ததைச் சொன்னால் போதும்.

தங்கை

ஜூலை 9

அன்புள்ள தங்கைக்கு,

1. என் தவறு.
2. விதி பதினேழு பற்றி என் மறுயோசனை.
3. நான் வர இயலாமை.
4. ஒரு மாற்று ஏற்பாடு.

ஒன்று. உத்தரவைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நிறுத்து என்றவன் நான். நீ திட்டி எழுதியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு. விதியை மறுபடி படித்தேன். கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்களுக்கு மட்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நானாகத்தான் அப்படிப் படித்துக்கொண்டேன். என் படிப்பே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் படிப்புதான் சரியோ என்னவோ.

மூன்று. நூலகத்து ஜன்னலிலிருந்து சாட்சிக் கூண்டு தெரியும். ஏறி நின்றதும் சொந்தப் பெயரையே மறந்து விழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் என்னைவிடத் துணிந்தவர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் "ஆமாவா, இல்லையா?" என்று அதட்டினால் நான் எதற்கும் ஆமாம் என்றுதான் சொல்வேன். உன் வழக்கை என் வாயாலேயே தோற்கடிப்பேன்.

நான்கு. இங்கே மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னல் கிழக்கே பார்த்தது. மில்லை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நீ எங்களோடு வந்து இருக்கலாம். இதை எழுது என்று உன் அண்ணி சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

அண்ணன்

ஆகஸ்ட் 20

அண்ணாவுக்கு,

மாடி அறைக்கு நன்றி. அதில் பத்துக் குதிரைத்திறன் மோட்டார் வைத்தால் தரை தாங்குமா என்று அண்ணியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இத்தனை நாள் நான் எழுதாததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அடைக்கலம் தேவைப்படவில்லை, சாட்சிதான் தேவை.

வழக்கு விசாரணைக்கு வந்தது. உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை வக்கீலம்மா கோர்ட்டில் கொடுத்துவிட்டார். உங்களைக் கேட்டுக் கொடுத்திருக்க வேண்டும்தான். கேட்டால் வேண்டாம் என்பீர்கள். முழுவதையும் சத்தமாகப் படித்தார்கள். தண்ணீர் வரி குமாஸ்தா பகுதி வந்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

நகராட்சி வக்கீல் எழுந்து, இந்தக் கடிதத்தை நேற்றுக்கூட உட்கார்ந்து எழுதியிருக்கலாமே என்றார். கவர் எங்கே என்று என்னைக் கேட்டார்கள். கவரில் தவிடு மடித்து யாருக்கோ கொடுத்துவிட்டேன். மில்லில் எந்தத் தாளும் சும்மா கிடக்காது.

நீதிபதி என்னைப் பார்த்து, "இத எழுதினவர் இருக்காராம்மா?" என்றார்.

"இருக்காருங்க. பயந்துகிட்டு இருக்காரு."

அவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த விசாரணை செப்டம்பர் 12. உங்களுக்குச் சம்மன் அனுப்பலாமா என்று வக்கீலம்மா கேட்டார். கூடப் பிறந்தவருக்குக் கோர்ட் ஆள் கையில் காகிதம் கொடுத்து அனுப்புகிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மெஷின் ஓடுகிறது.

தங்கை

ஆகஸ்ட் 27

அன்புள்ள தங்கைக்கு,

1. வருகிறேன்.
2. காரணம் எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு உள்ளே போய் என் பையை எடுத்து வந்து கட்டில் மேல் வைத்தாள். "கூண்டுல ஏறி உளறிட்டா?" என்று கேட்டேன். "உளறுங்க. அவ திருத்திக்குவா. வராம போனா எத திருத்துவா?" என்றாள்.

பதினொன்றாம் தேதி மாலை ரயில். நிலையத்துக்கு வர வேண்டாம். ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். உன் வீட்டில் கொசுவலை இருக்கிறதா?

அண்ணன்

செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. நகல் உள்ளே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் இதைப் படியுங்கள். கூண்டில் நின்ற நேரத்தில் பாதி நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். ரயிலேறும்போதும், "நான் என்ன சொன்னேன்? ஏதாவது ஏடாகூடமா?" என்று கேட்டுக்கொண்டே போனீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்களும் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டாமா?

உங்களுக்கு முன்னால் ஏறியது டாக்டர். நகராட்சிக்குச் சாட்சியாக வந்தவர். மார்ச் மாதத்துக்குப் பிறகு தும்மல் உண்டா என்று அவர்கள் வக்கீல் கேட்டார். இல்லை என்றார். உடனே நம் வக்கீலம்மா எழுந்து, "சத்தம் உண்டா?" என்றார். "வெள்ளிக்கிழமை காலைல கிளினிக்கக் கூட்ட சீக்கிரம் வருவேன். அப்ப மட்டும் அந்த மெஷின் சத்தம் வரும். வெறும் சத்தம். எதுக்கு ஓட்டுறாங்கன்னு எனக்கும் புரியல" என்றார். நகராட்சி வக்கீல் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பல்லைப் பிடுங்க உட்கார்ந்தவன் பார்ப்பதுபோல இருந்தது.

பிறகு நீங்கள். பெயரைச் சரியாகச் சொன்னீர்கள். வயதில் ஒன்றைக் குறைத்துச் சொன்னீர்கள், போகட்டும். கடிதம் உங்கள் கையெழுத்துதான் என்றும், மார்ச் மாதம் எழுதியதுதான் என்றும் சொன்னீர்கள். குரல் முதல் வரிசைக்குத்தான் கேட்டது. அதன் பிறகு நகராட்சி வக்கீல் ஆரம்பித்தார்.

"நீங்க சட்டம் தெரிஞ்சவர்தானே?"

"சட்டப் புத்தகம் எந்த அலமாரில இருக்குன்னு தெரிஞ்சவன்."

"மிளகா அரைக்கிறது தொல்லைதான்னு உங்களுக்கே பட்டதாலதான் நிறுத்தச் சொன்னீங்க. ஆமாவா, இல்லையா?"

நீங்கள் தூணைப் பார்த்தீர்கள். செருப்பைப் பார்த்தீர்கள். கண்ணை மூடினீர்கள். போச்சு, ஆமாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை, மன்னித்துவிடுங்கள்.

"இல்லீங்க. தப்புன்னு எனக்குப் படல. பயமா இருந்துச்சு."

"யாருக்குப் பயம்? உங்க தங்கச்சிக்கா?"

"எனக்குங்க. அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப மெஷின் நின்னது உங்க பயத்தாலதானா?" என்று கேட்டார். நீங்கள் கண்ணைத் திறந்தது அப்போதுதான்.

"ஆமாங்க. மூணாவதா எழுதினது தப்பு. எழுதினவன் நான், கஷ்டம் அவளுக்கு. அவ தொழில விடணும்னு நெனைக்கவே இல்ல. விடச் சொல்லி நான்தான் அப்புறமும் ஒரு கடுதாசி போட்டேன். அதுக்கு அவ ஒரு மாசத்துக்கு மேல என்கிட்ட பேசல."

அந்தக் கடிதம் கோர்ட்டுக்கு வரவே இல்லையே அண்ணா. யாரும் கேட்காமலேயே சொன்னீர்கள். நகராட்சி வக்கீல் "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார். வக்கீலம்மா என் காதில், "உங்க அண்ணன் இவ்வளவு நாளா எங்க ஒளிஞ்சிருந்தார்?" என்றார். நூலகத்தில் என்றேன்.

தீர்ப்பில் நேரமும் போட்டிருக்கிறது. கிளினிக் திறக்கும் முன் மிளகாயை முடிக்க வேண்டும். மார்ச்சில் நான் கேட்ட அதே நேரம். நேற்றுக் காலை மெஷினில் மிளகாய் கொட்டினேன். முதலில் வந்தவர் டாக்டரின் அம்மா. "என் பையன் ரொம்ப நல்லவன். மூக்குதான் கொஞ்சம் சரியில்ல" என்றார். அரைத்துக்கொண்டிருக்கும்போது எனக்கே தும்மல் வந்துவிட்டது. விட்டுப்போன பழக்கம்.

கொசுவலையை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இங்கேயே இருக்கட்டும்.

தங்கை

அக்டோபர் 9

அன்புள்ள தங்கைக்கு,

நலமா? (இதை முதலில் எழுத வேண்டும் என்று தாளின் தலைப்பில் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன்.)

1. தீர்ப்பு.
2. குடைக்காரர்.
3. ஒரு திருத்தம்.

ஒன்று. தீர்ப்பை மூன்று முறை படித்தேன். உன் விளக்கத்தைப் படிக்காமல் உத்தரவு போட்டதே செல்லாது என்று ஆரம்பிக்கிறது. அதோடு முடித்திருந்தாலும் உனக்கு வெற்றிதான். நீதிபதி அதற்கு மேலும் போயிருக்கிறார். "விதி பதினேழு, தொழிலைக் கைகழுவிப் போனவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதற்காக ஏற்பட்டது; அதிகாரியின் பதிலுக்காகக் காத்திருப்பவரைக் கடையை விட்டு வெளியேற்றுவதற்காக அல்ல. ஓடாத இயந்திரத்துக்கு வாரந்தோறும் எண்ணெய் இட்டு வருபவர் தொழிலை விட்டவர் ஆகமாட்டார்." இதைப் படித்துவிட்டு, மார்ச்சில் நான் எழுதிய இரண்டாவது பாயின்ட்டை எடுத்துப் பார்த்தேன். கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்களுக்கு என்று நான் எழுதியது ஏறக்குறைய இதேதான். ஜூலையில் அது தப்பு என்று நானே உனக்கு எழுதினேன். நகராட்சி சொன்னதும் என் கண்ணை நானே நம்பாமல் போய்விட்டேன். அண்ணியிடம் இதைச் சொன்னேன். "இத்தன வருஷமா இதத்தானே உங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன்" என்று வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

என் சாட்சியத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரே ஒரு வரிதான். "இச்சாட்சி தன் பலவீனத்தை மறைக்காததால் நம்பத்தக்கவர்." இந்த வரியைத் தனியே எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெருமை என்று நினைக்காதே. கொஞ்சம் பெருமைதான்.

இரண்டு. எங்கள் தெருமுனையில் குடையும் பையும் பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மரப்பெட்டிக் கடைக்கு இங்குள்ள நகராட்சியிலிருந்து, உன்னுடையது போலவே விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. வழி நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று புகார். என்னிடம் காட்டி, "பெட்டிய எடுத்துரட்டுமா சார், அவங்க பதில் சொல்ற வரைக்கும்?" என்று கேட்டார்.

"எடுக்காதீங்க. பதில் வர்ற வரைக்கும் நீங்க பாட்டுக்குத் தைச்சுக்கிட்டே இருங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகு என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நேற்று அவரோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். எழுதிக் கொண்டுபோன தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. உரிமப் பிரிவில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலேயே, "நீங்க வக்கீலா?" என்றார்.

"இல்லீங்க. மிளகா மில்காரியோட அண்ணன்."

"எந்த மில்லு?"

"கொஞ்சம் பெரிய கதை. இவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க, சொல்றேன்."

நாற்காலி வந்தது. ஒன்றல்ல, இரண்டு. நோட்டீஸை எடுத்து வைத்து, கடைக்காரர் சொல்வதை முதலில் கேட்க வேண்டும் என்கிற விதியைக் காட்டினேன். நடுவில் ஒரு முறை நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். விளக்கம் கொடுக்கக் குடைக்காரருக்கு அடுத்த மாதம் வரை அவகாசம் தந்திருக்கிறார்கள். இன்று காலை அவர் பெட்டியைத் திறந்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். என் குடையை வாங்கிப் பார்த்து, கம்பி நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்று. மூன்றாவது பாயின்ட் தவறு என்று கூண்டிலேயே சொல்லிவிட்டேன். அது கோர்ட்டில் பதிவாகியிருக்கிறது. இதை உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வந்தால் உனக்குக் கேடு, நான் வாயைத் திறந்து எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை என்று மார்ச்சில் எழுதினேனே, ஐந்தாவது பாயின்ட், அதுவும் தவறு.

அண்ணன்